சீட்டில் வந்த பக்கம்

தம்பி, போன வெள்ளிக்கிழமை நீ கோர்ட்டிலிருந்து வந்ததும் வராததுமாக, கருப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல், சமையலறை நிலைப்படியில் சாய்ந்துகொண்டு உன் முதல் வழக்கைச் சொன்னாய். வையம்பட்டிப் பக்கத்து அண்ணன் தம்பி இருவர், ஒரு கிணறு, அதில் யாருக்கு எவ்வளவு பாத்தியம் என்கிற தகராறு. நீ அண்ணன் பக்கம். தம்பியைக் கூண்டில் ஏற்றி நீ கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். கடைசிக் கேள்விக்கு அந்த ஆளுக்குப் பதில் வரவில்லை, தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான் என்று சொல்லும்போது நீ சிரித்தாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா, ஒண்ணும் சொல்லாம இருக்க? எல்லாம் நீ சொல்லிக்குடுத்ததுதானே?" என்றாய். நான் சாதத்தை வடித்தேன். "நல்லா சொல்லிக்குடுப்பியே, அந்த விவாத க்ளாஸை ஏம்மா விட்ட?" என்றும் கேட்டாய். அதற்கும் நான் ஏதோ டைம்டேபிள், உடம்பு என்று சொல்லி மழுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை நீ மெட்ராசுக்கு ரயிலேறிவிட்டாய். இனிமேல் பெரிய கோர்ட்டு, பெரிய வக்கீலிடம் ஜூனியர். உன் அறையைப் பெருக்கும்போது, இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நேரில் என்றால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது அந்த வகுப்புக்கு ஒரு பெயர் இருந்தது. திருச்சியில் எந்தக் கல்லூரியில் பேச்சுப்போட்டி நடந்தாலும் எங்கள் காலேஜுப் பெண்கள்தான் ஜெயித்துக்கொண்டு வருவார்கள். நான் கற்றுக்கொடுத்தது ஒன்றும் என் சொந்தச் சரக்கு இல்லை. கிரேக்க தேசத்திலும் ரோமாபுரியிலும் பேச்சைத் தொழிலாகக் கற்றவர்கள், வாதம் தானாகத் தலையில் உதிக்கும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. வாதம் கிடைக்கும் இடங்கள் என்று சில உண்டு, அங்கே போய்த் தேடினால் கிடைக்கும் என்று வைத்திருந்தார்கள். நான் எம்.ஏ. படித்தபோது இதைப் படித்துப் பரீட்சையும் எழுதினேன். அப்போது எனக்கு அது சுவாரசியமாகவே இல்லை. பிறகு வகுப்பில் பெண்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு, "என்ன எழுதறதுன்னே தெரியலை மிஸ்" என்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. "வாழைக்காய் வேணும்னா மார்க்கெட்டுல எங்கே போவீங்க?" என்று கேட்பேன். "வாழை மண்டிக்கு." "வெங்காயம்?" "வெங்காய மண்டிக்கு." "வாதமும் அப்படித்தான். தெருவுல நின்னு வானத்தைப் பார்த்தா கிடைக்காது. அதுக்குன்னு மண்டி இருக்கு." இந்தப் பொருள் உண்மையில் என்ன என்று கேட்பது ஒரு மண்டி. இது எதைப் போன்றது, எதற்கு மாறானது என்பது இன்னொன்று. எதனால் வந்தது, எங்கே கொண்டுபோய் விடும். நம்மால் ஆகிற காரியமா, முன்னே யாராவது செய்திருக்கிறார்களா. கடைசியாக, சாட்சி யார். இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு என் பெண்கள் எதையும் பேசுவார்கள். ஓர் ஆடிப் பெருக்கன்று காவிரியைப் பார்க்க விடுமுறை வேண்டும் என்று ஹாஸ்டல் பெண்கள் முதல்வரிடம் போய் மண்டி மண்டியாக வாதம் வைத்து, அந்த அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் அனுமதி கொடுத்ததும் உண்டு. நீயும் விளக்கெண்ணெய் குடிக்க மாட்டேன் என்பதற்கு ஒரு தடவை அப்படித்தான் என்னிடம் வாதாடினாய். ஜெயிக்கவும் ஜெயித்தாய். அன்று அந்த விளக்கெண்ணெயைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றும்போது எனக்கு இருந்த பெருமை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எந்தப் பக்கம் பேசுவது என்பதை நாங்கள் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். அது என் விதி. தான் நம்புவதை எல்லோரும் பேசிவிடலாம். நம்பாததையும் நேர்மையாகப் பேசிப் பார்த்தால்தான் எதிரில் இருப்பவர் மனசு புரியும் என்பேன். அது நல்ல விதி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நல்ல விதியிலிருந்தும் இப்படி ஒன்று நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

வைதேகி என்று ஒரு பெண். ஸ்ரீரங்கத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவாள். அப்பா கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர். அந்த வீதியில் கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள்தான் என்று மற்றப் பெண்கள் சொல்லுவார்கள். அதற்காக அந்த மனிதர் எத்தனை பேச்சுக் கேட்டிருப்பார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மெலிந்த பெண், தணிந்த குரல். ஆனால் மேடையில் ஏறிவிட்டால் கடைசி வரிசைக்கும் கேட்கும். பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் பெற்றோர்களை அழைத்து நடத்திய விழாவில், அவர்களுக்கும் புரிய வேண்டும் என்று விவாதத்தை இங்கிலீஷில் இல்லாமல் தமிழில் வைத்தோம். தலைப்பு, பெண்களுக்குக் கல்லூரிப் படிப்பு வேண்டுமா, வேண்டாமா. வைதேகிக்குச் சீட்டில் 'வேண்டாம்' வந்தது.

மறுநாள் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். "மிஸ், காலேஜுல படிச்சுண்டே படிப்பு வேண்டாம்னு எப்படிப் பேசறது? எல்லாரும் சிரிப்பா."

"சிரிக்காம இருக்கிற மாதிரி பேசு. அதுக்குத்தானே பயிற்சி."

எழுதிக்கொண்டு வந்திருந்ததைப் படித்துக் காட்டினாள். பெண்ணுக்கு அழகு வீடு, படித்த பெண் பெரியவர்களை மதிக்க மாட்டாள், இந்த மாதிரி. அதில் உயிர் இல்லை. "இதெல்லாம் சாயங்காலம் மண்டியில மிஞ்சிக் கிடக்கிற காய் வைதேகி, யாரும் வாங்க மாட்டாங்க" என்றேன். "நம்பாததைப் பேசணும்னா உண்மையான ஒரு சாட்சியாவது கையில வேணும். சாட்சியைத் தூரத்துல தேடாதே. நீ காலையில காலேஜுக்குக் கிளம்பி வந்துடுறே. உன் வீட்டுல நீ செய்ய வேண்டிய வேலையை யாரு செய்யறாங்க?"

"பத்மா" என்றாள். தங்கை.

"பத்மா என்ன படிக்கிறா?"

"எட்டாவதோட நின்னுட்டா மிஸ். அம்மாவுக்கு மூச்சு இழுப்பு. புகைகிட்ட உக்கார முடியாது. யாராவது ஒருத்தர் ஆத்துல இருந்தாகணும்."

"அதை எழுது" என்றேன்.

அப்போது என் மனசில் இருந்தது என்ன என்று உனக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். பரிதாபம் இல்லை. நல்ல வாதம் ஒன்று கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷம். நூல் கண்டின் நுனி கையில் அகப்பட்ட மாதிரி. அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே வேறு தலைப்பு கொடுத்திருப்பேனோ என்னவோ.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. அவள் அப்பா வந்திருக்கிறார் என்று அவளே என்னிடம் காட்டினாள். திருமண் இட்ட நெற்றி, மடித்த குடையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் சுவர் ஓரமாக நின்றிருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. மகள் மேடையில் பேசுவதை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. வைதேகி மேடையேறி, "நான் பேச வேண்டிய பக்கம் சீட்டில் வந்தது" என்று சொல்லித்தான் தொடங்கினாள். ஆனால் ஐந்து நிமிஷத்தில் அது எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. "இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாணவிக்கும் வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள். நாம் புத்தகத்தைத் திறக்கிறபோது அவள் அடுப்பை ஊதுகிறாள். நமக்குப் பட்டம் வரும்போது அவளுக்கு என்ன வரும்? ஒரு பெண் மேலே ஏறுவதற்காக இன்னொரு பெண்ணைப் படிக்கட்டாகப் போடுகிற படிப்பு எனக்கு வேண்டாம்" என்றாள். அவள் தன் தங்கையின் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் ஒரு சின்னப் பெண் தன் பழைய பள்ளிக்கூடத்துப் பாவாடையைக் கிழித்துக் கரித்துணி தைத்ததைச் சொன்னாள். அதை அவள் என்னிடம் படித்துக் காட்டிய பிரதியில் நான் பார்க்கவில்லை. அம்மாமார் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை.

கைதட்டல் நடந்துகொண்டிருக்கும்போதே அவள் அப்பா சுவரோரமாகவே நடந்து மேடைப் பக்கம் வந்துவிட்டார். படியிறங்கிய மகளிடம், "வாம்மா, ஆத்துக்குப் போகலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அம்மாவுக்குத்தான் ஏதோ என்று நினைத்து அவள் பதறிக்கொண்டு அவரோடு போனாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எதிர்த்தரப்பில் பேச வேண்டிய பெண் எழுந்து மைக்குக்கு வந்துகொண்டிருந்தாள். அதோடு வைதேகி கல்லூரிக்கு வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். கீழச் சித்திரை வீதியில் வீடு. கூடத்தில் பாய் போட்டு உட்காரச் சொன்னார்கள். வைதேகிதான் காபி கொண்டுவந்து வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்தாள், கையில் மஞ்சள் கறை. என்னைப் பார்த்து எப்போதும்போலச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அம்மா உள்ளே இழுத்து இழுத்து மூச்சு விடுவது கூடம்வரை கேட்டது.

"பொண்ணைக் காலேஜை விட்டு நிறுத்திட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றேன்.

"நான் நிறுத்தலை. அவ கேட்டா, நான் குடுத்தேன்" என்றார் அவர். கோபம் இல்லை. "இத்தனை நாளா அவ படிக்கணும்னு ஆசைப்படறாள்னு நினைச்சுண்டு ஊர் வாயெல்லாம் நான் வாங்கிண்டேன். அவ மனசுல இவ்வளவு பாரம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. எங்கிட்ட நேரே சொல்ல அவளுக்கு நா எழும்பலை. சபையில சொல்லிட்டா."

"ஐயா, அது போட்டி. எந்தப் பக்கம் பேசணும்கிறதே சீட்டுல வந்ததுங்க. அவளே சொன்னாளே."

"சொன்னா. தலைப்பு சீட்டுல வரும்மா. எங்காத்துச் சமையல்கட்டு சீட்டுல வருமா?"

அவரே தொடர்ந்தார். "நாங்களும் வாதம் படிச்சவாதான். ஜெயிக்கணும்கிறதுக்காகப் பேசறதுக்கு எங்கள்ல வேற பேரு, ஜல்பம்னு சொல்லுவோம். உண்மை எதுன்னு தெரியணும்னு பேசறதுதான் வாதம். அன்னிக்கு என் குழந்தை பேசினது வாதம். நான் கேட்டேன், ஒத்துண்டேன். தோத்துப்போனவன் ஜெயிச்சவா சொன்னபடி நடக்கணுமோல்லியோ?"

நான் கொண்டுபோனதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். இன்னும் ஒரே வருஷம்தான், பட்டம் வாங்கிவிட்டால் வேலை கிடைக்கும், அந்த வேலையால் தங்கையையே படிக்க வைக்கலாம் என்றேன். "இவளுக்கு ஒரு வருஷம்கறேள். பத்மாவுக்கு ஏற்கெனவே போனது போயிடுத்து. அதை முதல்ல திருப்பிக் குடுக்கணும்" என்றார். பத்மா அப்போது வீட்டில் இல்லை. பள்ளிக்கூடம் போயிருந்தாள். அந்த வாரமே கையெழுத்துப் போட்டுச் சேர்த்துவிட்டு வந்திருந்தார். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் மாணவியின் வாதம் எனக்கு முன்னே போய் நின்றது. அதைக் கட்டிக் கொடுத்தவள் நான். அதில் எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டை இல்லாமல்தான் கட்டியிருந்தேன்.

வைதேகி வாசல்வரை என்னோடு வந்தாள். "உங்க அப்பாகிட்ட நீயே சொல்லேன். பேச்சுக்காகச் சொன்னேன்னு சொல்லு" என்றேன்.

"சொன்னேன் மிஸ். 'நீ சொன்னதுல எது பொய்?'னு கேட்டார்." மஞ்சள் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "எழுத ஆரம்பிச்சப்போ பொய்யாத்தான் ஆரம்பிச்சேன். பேசி முடிக்கறச்சே எது பொய் எது நிஜம்னு எனக்கே தெரியலை. இப்போ பத்மா பையை மாட்டிண்டு போறதைப் பார்த்தா, படிக்கப் போறேன்னு சொல்ல வாய் வரலை."

பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி வரும்போது நான் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் வந்தேன். பிடிவாதக்காரர், பேச்சை அப்படியே எடுத்துக்கொள்கிற மனிதர் என்று. வீட்டுக்கு வந்து வெகு நாள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அந்த வீட்டுக்கு நான் வாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த அம்மாளுக்கு நல்ல டாக்டர் யாராவது உண்டா, பகலில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஏற்பாடு செய்ய முடியுமா, இரண்டு பெண்களும் படிக்கும்படி ஏதாவது வழி உண்டா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கல்லூரியில் நாலு பேரிடம் சொல்லியிருந்தால் நடந்திருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை. ஜெயிக்க வேண்டும் என்று போனேன், தோற்றேன், திரும்பி வந்துவிட்டேன். மறுபடி போவதற்குள் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாயவரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனிதர் என்று கேள்வி.

அடுத்த வருஷம் விவாத வகுப்பை வேறு ஓர் ஆசிரியையிடம் கொடுத்துவிட்டேன். அவர் நன்றாகத்தான் நடத்தினார். நான் இலக்கணத்தையும் கட்டுரையையும் வைத்துக்கொண்டேன். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சில வருஷங்கள் போய், பத்மா பள்ளி இறுதி முடித்துவிட்டு எங்கள் கல்லூரிக்கே பி.யு.சி. சேர வந்தாள். கூட அழைத்துக்கொண்டு வந்தவள் வைதேகி. மடிசார் கட்டிக்கொண்டு, உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். அவர்கள் அம்மா அதற்கு முந்திய வருஷம் காலமாகிவிட்டிருந்தார். ஆபீசில் பத்மா பெயரைப் பதிந்துகொண்டிருக்கும்போது நாங்கள் இருவரும் வராந்தாவில் நின்றோம்.

"பத்மாவை உங்க விவாத க்ளாஸ்ல சேத்துக்கோங்கோ மிஸ். என்னைவிட நன்னாப் பேசுவா."

"நான் இப்போ அதை எடுக்கிறதில்லைம்மா."

"ஏன்? என்னாலயா?" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லையே மிஸ்" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிற குரல் அது. பிறகு, பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிற மாதிரி, "அன்னிக்கு எனக்கு எதிரா பேசினவா என்ன சொன்னா?" என்று கேட்டாள். "படிப்பு வேணும்னு பேசினாளே, அவ. நான் பாதியிலேயே போயிட்டேனோல்லியோ, பதிலைக் கேக்கவே இல்லை. மாயவரத்துல அடுப்புகிட்ட நிக்கறச்சே சில நாள் தோணும். நான் சொன்னதுக்கு ஒரு பதில் இருந்திருக்குமே, அது என்னவா இருக்கும்னு."

எனக்கு நினைவிருந்தது. அந்தப் பெண் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். நடுவில் ஓரிடத்தில் தடுமாறி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நல்ல பதில் ஒன்றை அந்த இடத்தில் நானே உண்டாக்கிச் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் வரவில்லை. "சரியா பேசலைம்மா" என்றேன்.

"அப்போ நான்தான் ஜெயிச்சேனா?"

"நீதான் ஜெயிச்சே. நடுவருங்க எல்லாரும் உனக்குத்தான் போட்டாங்க."

அவள் முகம் மலர்ந்துவிட்டது, தம்பி. உண்மையாகவே மலர்ந்தது. "எனக்கு யாருமே சொல்லலையே" என்றாள். ஆபீசிலிருந்து வெளியே வந்த தங்கையைக் கூப்பிட்டு, "பத்மா, அன்னிக்கு நான்தான் ஜெயிச்சேனாம்டி" என்று சொன்னாள். இருவரும் பஸ்ஸுக்குப் போகிறவரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள். அவள் அழுதிருந்தால் நான் எப்படியாவது தாங்கியிருப்பேன். பத்மா இப்போது சேலத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நடந்தது சரியா தப்பா என்று அவளைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. ஒருத்தியைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது, இன்னொருத்தியைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

வைதேகி வந்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது வேறு ஒன்று ஞாபகம் வந்தது. உனக்கும் நினைவிருக்கும், ஒரு தடவை அவருக்குப் பெரம்பூருக்குப் பிரமோஷனோடு மாற்றல் வந்தது. போகக் கூடாது என்பதற்கு நான் உன் படிப்பு, என் வேலை, வீடு என்று வரிசையாக வாதம் வைத்தேன். "சரி, நீ சொல்றதுதான் சரி" என்று சொல்லி, மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வைதேகி வந்துபோன அந்தச் சாயங்காலம்தான் நான் கேட்டேன், "அப்போ உங்களுக்குப் பெரம்பூர் போகணும்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏங்க சொல்லலை?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சொல்றதுக்குக் காரணம் ஒண்ணும் இல்லை. சும்மா ஆசையா இருந்துச்சு. நீ காரணம் கேப்ப" என்றார்.

அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து அவரோடு நான் போட்ட வாதங்களில் எதிர்த்தரப்பு ஒரு தடவைகூடப் பேசவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காரணம் சொல்லத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் ஆசை இருக்கலாம் என்று ஒரு சட்டம் நம் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. போட்டவள் நான்.

தம்பி, வக்கீல் தொழில் தப்பு என்று நான் எழுதவில்லை. உனக்கு வரும் கட்சிக்காரருக்காக நீ பேசித்தான் ஆக வேண்டும். அதுவும் ஒரு விதத்தில் சீட்டில் வருகிற பக்கம்தான். நன்றாகப் பேசு. எங்கே தேடினால் வாதம் கிடைக்கும் என்று உனக்குத் தெரியும், அதை மறக்கவும் வேண்டாம். ஆனால் ஒருவன் பதில் சொல்லாமல் நின்றால் அவனிடம் பதில் இல்லை என்று நினைத்துவிடாதே. வையம்பட்டியில் அந்தத் தம்பிக்காரன் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருப்பான் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார். அந்தக் கிணற்றில் அவர்கள் அப்பா இறங்கி வெட்டியபோது அவனும் மண் சுமந்திருப்பானோ என்னவோ. உன் கேள்விகளில் அது வந்திருக்காது. தீர்ப்பு உன் பக்கம் வந்தாலும் அந்த அண்ணனிடம், தண்ணீர் முறையைத் தம்பியோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை நீ சொல்லலாம். வக்கீல் சொன்னால் கேட்பார்கள். கட்சிக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நாளைக்கு உனக்கும் கல்யாணம் ஆகும். அந்தப் பெண்ணோடு பேசும்போது உன் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் பேசு. எனக்கு அது தெரிய இருபது வருஷம் ஆயிற்று.

உன் அப்பா வருகிற வாரம் மெட்ராசுக்கு வருகிறார். பெரம்பூர் ஒர்க்ஷாப்பில் ஏதோ பழைய வேலையாகப் பார்க்க வேண்டிய ஆள் இருக்கிறார் என்று உன்னிடம் சொல்லுவார். அப்படி யாரும் இல்லை, எனக்குத் தெரியும். நீ போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது அவருக்கு. எதற்கு வந்தீர்கள் என்று கேட்காதே. ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வா.